அணுச் சிறுவனும் அவனை வரைந்த கரங்களும்

சித்திரக்கதை என்றதும் முகஞ் சுளிக்கும் ஆசிரியர்கள் நம்மிடையே பலர். மேசைக்கடியில் மாணாக்கர் ஒளித்து வாசிக்கும் ஏடுகளைப் பறித்து அலுமாரியில் பூட்டுவதோடு நமது விமர்சனக் கடமை முடிந்துவிடுகிறது. மலிவான தாளில் அச்சாவது மலிவான சிந்தனையையே தாங்கும் என்பது படித்தோர் குழாத்தின் பழைய முடிபு. அம்முடிபை உரைத்துப் பார்க்க யப்பானியரான ஒசாமு தெஸூக்காவின் வாழ்வைக் காட்டிலும் தக்க உரைகல் கிடைப்பதரிது.

1928இல் பிறந்த தெஸூக்கா, பாடசாலை மாணவராயிருக்கையிலேயே ஒசாக்காவில் யுத்த தளபாடத் தொழிற்சாலையொன்றில் வேலைக்கமர்த்தப்பட்டார். பிள்ளைகளை வகுப்பறையிலிருந்து இழுத்துச் சென்று ஏகாதிபத்திய யுத்தத்துக்கு உழைக்கவைத்த ஆட்சி அது. 1945 யூனில் அமெரிக்க விமானங்கள் அந்நகர்மீது குண்டு பொழிந்தபோது அவர் உயிர் தப்பினார். அந்த நாட்களையே 1974இல் 'காகிதக் கோட்டை' என்னுங் கதையில் தீட்டினார்.

யுத்தம் ஓய்ந்தபின் பகலில் மருத்துவம் பயின்று, எஞ்சிய பொழுதில் வரைந்தார். 1947இல் வெளிவந்த 'புதிய புதையற்றீவு', சிவப்பு அட்டையுடன் சிறுவர்க்கு விற்கப்பட்ட மலிவுப் பதிப்புகளுள் ஒன்றே. ஆயின் சினிமாக் கமராவைப் போல் நெருங்கியும் விலகியும் பார்க்கும் சட்டங்களை அதில் அவர் கையாண்டார். 1952இல் 'அணுச் சிறுவன்' பிறந்தான். இறந்த மகனுக்கு ஈடாக விஞ்ஞானியொருவர் செய்த இயந்திரச் சிறுவன் அவன். வளராத குற்றத்துக்காகச் சர்க்கஸ்காரனுக்கு விற்கப்படுகிறான். இயந்திரங்களின் அடிமை நிலையையும் உரிமைக் குரலையும் சிறுவர் ஏட்டிற் பேசிய கதை இது. இதனை வெறும் பொழுதுபோக்கென்று ஒதுக்குவோருக்கு நாம் என்ன சொல்வது?

இங்கேதான் முரண்பாடு தொடங்குகிறது. 1961இல் அசையும் சித்திரப்படங்களுக்கெனத் தமது சொந்த நிறுவனத்தை நிறுவிய தெஸூக்கா, 1963 சனவரி முதலாந் திகதி அணுச் சிறுவனைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தார். வாரந்தோறும் அரை மணி நேரப் படம். சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 சட்டங்கள் ஓடும். அத்தனைக்கும் தனித்தனியே வரைய நேரமுமில்லை, பணமுமில்லை. ஒரே சித்திரத்தை மூன்று சட்டங்களுக்கு நீட்டினர், வாய் மட்டும் அசைய முகத்தை நிறுத்தினர், பழைய சித்திரங்களை மீண்டும் எடுத்தாண்டனர். வறுமையிலிருந்து ஓர் உத்தி பிறந்தது. அதனை நாம் மெச்சலாம். ஆனால் உற்பத்திச் செலவுக்கும் போதாத விலைக்கே அப்படம் தொலைக்காட்சி நிலையத்துக்கு விற்கப்பட்டது. குறைந்த பணத்தை ஈடுசெய்தவை எவை? சித்திரக்கதைகளால் தெஸூக்கா ஈட்டிய வருவாயும், இரவு பகலாய் வரைந்த இளைஞர்களின் விழிகளும் விரல்களுந்தாம். 1973இல் நிறுவனம் முறிந்தது. மலிவு விலை என்னும் வழக்கம் முறியவில்லை. படத்துக்கு இத்தனை என்று எண்ணிக் கொடுக்கும் சொற்பக் கூலியில் யப்பானிய இளஞ் சித்திரக்காரர் பலர் இன்றும் உழல்கின்றனர்.

1989 பெப்ரவரியில் தெஸூக்கா இரைப்பைப் புற்றுநோயால் மறைந்தபோது நாடே துயருற்றது. ஹயாவோ மியாசாக்கியோ அவ்வாண்டிலேயே இந்த மலிவு விலைக் கேட்டை அவர் தலையில் வெளிப்படையாகச் சுமத்தி எழுதினார். 1960களில் வேறொரு சித்திரப்பட நிறுவனத்தின் தொழிற்சங்கச் செயலாளராய் நின்றவர் அவர். கூலியின் கணக்கை அறிந்தவர். தனியொருவரைக் குற்றவாளியாக்குவது மிகையென்பது நம் எண்ணம். அந்த விலைக்கு வாங்கிய தொலைக்காட்சி முதலாளிகளும், அதனையே அளவுகோலாக்கிய ஏனைய நிறுவனங்களும் இருந்தன அல்லவா? ஆயினும் சர்க்கஸுக்கு விற்கப்பட்ட இயந்திரச் சிறுவனுக்காகக் கண்ணீர் சிந்தும் மாணாக்கரிடம், அவனை அசையவைத்தவர்கள் பெற்ற கூலி எவ்வளவு என்ற கேள்வியையும் நாம் வகுப்பில் கேட்டு வருகிறோம்.