சைவ ஆட்டுக்கறி

வங்காளத்தில் சைவ ஆட்டுக்கறி உண்டு. சோயா உருண்டையோ பலாக்காயோ அல்ல. நாலு கால் ஆடேதான். 'நிராமிஷ் மாங்ஷோ' என்பார்கள். நிராமிஷ் என்றால் சைவம், மாங்ஷோ என்றால் இறைச்சி. கொல்கத்தாவில் நான் தங்கியிருந்த வீட்டில் நண்பரின் தாயார் இதைச் சொன்னபோது அவர் முகத்தில் கேலியின் சாயல்கூட இல்லை. காளிக்குப் பலி கொடுத்த ஆட்டை வெங்காயமும் பூண்டும் சேர்க்காமல் இஞ்சி, சீரகம், பெருங்காயம் போட்டுச் சமைப்பார்கள். அதனால் அது சைவம்.

"ஆடு இருக்கிறதே, மாஷிமா?" என்றேன். நண்பர்களின் அம்மாவை அங்கே அப்படித்தான் கூப்பிட வேண்டும்.

"அது அம்மாவோட பிரசாதம் ஆயிடுச்சே, பாபா. வெங்காயம்தான் பிரசாதம் ஆகாது."

எங்கள் இருவருக்கும் சுமாராகத் தெரிந்த இந்தியில் நடந்த உரையாடல் இது. ஆனாலும் அந்தத் தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. காளிகாட் கோயிலில் இன்றும் ஆட்டுப்பலி உண்டு. அந்தக் கறிக்கு வெங்காயம் ஆகாது என்பது சமையல் குறிப்பு அல்ல, ஆசாரம். நம்மூரில் வாழைக்காயைப் போட்டுச் 'சைவ மீன் குழம்பு' வைக்கிறோம். மீன் இல்லாத இடத்தில் மீனின் பெயர். அங்கே ஆடு இருக்கும் இடத்தில் சைவத்தின் பெயர்.

வங்காளத்துப் பதார்த்தங்களின் பெயர்களை நம்பிச் சாப்பிட உட்கார்ந்தால் இப்படித்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று பெயர் சொல்லாது. யாருக்காகச் செய்தார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும். ஒரு தெய்வத்துக்காக, ஒரு மாப்பிள்ளைக்காக, ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டிக்காக.

மறுநாள் மாஷிமா செய்தது 'தோக்கார் டால்னா'. தோக்கா என்றால் ஏமாற்று. டால்னா ஒரு வகைக் குழம்பு. பதார்த்தமே தன்னை ஏமாற்று என்று அறிவித்துவிட்டு இலைக்கு வருகிறது. கடலைப்பருப்பை ஊறவைத்து இஞ்சி, பச்சைமிளகாயோடு கரகரப்பாக அரைத்து, கடாயில் எண்ணெய் விட்டு அந்த மாவை உருண்டு வரும்வரை கிளறுகிறார்கள். கைவிடாமல் கிளற வேண்டும். மாஷிமாவின் வளையல் அரை மணி நேரம் ஓயவில்லை. பிறகு தட்டில் கொட்டிப் பரப்பி, ஆறியதும் நம் மைசூர்பாகு போலச் சாய்சதுரமாக வெட்டி, எண்ணெயில் பொரித்து, உருளைக்கிழங்கு போட்ட சீரகக் குழம்பில் விடுகிறார்கள். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே குழம்பை உறிஞ்சிய மென்மை. ஆட்டுக்கறித் துண்டு என்று நினைத்துக் கடிக்கிறவன் ஏமாறுவான் என்பதுதான் பெயர்க் காரணமாம். உண்மையில் யாரும் ஏமாற மாட்டார்கள். எனக்கு அது கறியை நினைவூட்டவே இல்லை. பருப்பு உருண்டைக் குழம்பின் பணக்கார உறவினர் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இந்தக் குழம்பின் பின்னால் இருப்பவர்கள் விதவைகள். உயர்சாதி வங்காளக் குடும்பங்களில் கணவன் இறந்ததும் மீன் போய்விடும், கறி போய்விடும், வெங்காயம் பூண்டு போய்விடும். மசூர் பருப்புகூடப் போய்விடும். அது அசைவத்தில் சேர்த்தி. (மளிகைக் கடையில் 'மைசூர் பருப்பு' என்று நாம் கேட்டு வாங்குவது இதைத்தான். மைசூருக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பெயர் மோசடியில் நாமும் லேசுப்பட்டவர்கள் அல்ல.) மீன் இல்லாமல் ஒரு வேளை சோறு இறங்காத ஊரில், பத்துப் பன்னிரண்டு வயதில் தாலி இழந்த பெண்கள் வாழ்நாள் முழுக்க இந்த விதிகளுக்குள் சமைத்தார்கள். வாழைப்பூ, பூசணிக்கொடி, காய்த்தோல், கசகசா, கடலைப்பருப்பு. வங்காளச் சைவச் சமையலின் நுட்பங்களில் பெரும்பங்கு அவர்களுடைய தனி அடுப்பில் பிறந்ததுதான். இன்று கொல்கத்தாவின் பெரிய உணவகங்கள் அதையே 'பாரம்பரிய உணவு' என்று பித்தளைத் தட்டில் வைத்து விற்கின்றன. ருசியில் குறை சொல்ல முடியாது. அந்த விலைப்பட்டியலில் விதவை என்ற சொல்லை மட்டும் நான் எங்கும் பார்க்கவில்லை.

ஈஸ்வர சந்திர வித்யாசாகர் போராடிப் பெற்ற விதவை மறுமணச் சட்டம் நிறைவேறியது 1856 ஜூலையில். அப்போது கவர்னர் ஜெனரல், அவ்வருடம் பிப்ரவரியில்தான் பதவியேற்றிருந்த கேனிங் பிரபு. அவரோடு கப்பலில் வந்திறங்கிய மனைவி சார்லட் கேனிங்கின் பெயரில்தான் கொல்கத்தாவில் ஒரு மிட்டாய் இருக்கிறது: 'லேடிகெனி'. லேடி கேனிங் வங்காளிகளின் வாயில் புகுந்து புறப்பட்ட வடிவம். பன்னீர் எனப்படும் பால்திரளையும் கொஞ்சம் மாவையும் பிசைந்து, நடுவே ஏலக்காய் மணக்கும் சர்க்கரைக் குண்டு ஒன்றை வைத்து உருட்டிப் பொரித்து, பாகில் ஊறப்போட்டது. பொரியும்போது குண்டு கரைந்து உள்ளே சின்னதாக ஒரு பாகுக் குளம் உண்டாகிவிடும். பௌபஜாரில் உள்ள பீம் சந்திர நாக் கடைதான் இதைப் படைத்தது என்பது பரவலான பேச்சு. கடையில் வங்காள எண்கள் பொறித்த பழைய கடிகாரம் ஒன்று தொங்குகிறது. குக் அண்ட் கெல்வி நிறுவனத்தார் செய்தது. லேடிகெனியைவிட எனக்கு அந்தக் கடிகாரம் பிடித்திருந்தது.

சீமாட்டியின் பிறந்தநாளுக்குச் செய்தது என்று ஒருவர் சொல்வார், வரவேற்புக்குச் செய்தது என்று இன்னொருவர். அவர் விரும்பிக் கேட்டுச் சாப்பிட்டார் என்பதும் வாய்வழிக் கதைதான். உறுதியாகத் தெரிந்தது, அவர் 1861 நவம்பரில் மலேரியா கண்டு கொல்கத்தாவிலேயே இறந்தார், பாரக்பூரில் புதைக்கப்பட்டார் என்பது. 1857 கலகக் காலத்து ஆட்சியாளரின் மனைவி, நல்ல ஓவியர். அதெல்லாம் புத்தகங்களில் இருக்கிறது. தெருவில் அவர் ஒரு மிட்டாய்.

கல்லூரித் தெரு காபி ஹவுஸில் கொபிராஜி கட்லெட் சாப்பிட்டேன். தமிழ்க் காதுக்குக் கவிராஜர் என்றால் கவிஞர். சுற்றிலும் சிகரெட்டும் கவிதையுமாக உட்கார்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்தால் பெயர் பொருத்தம் என்றுதான் தோன்றும். அங்கே கொபிராஜ் என்றால் நாட்டு வைத்தியர். வைத்தியருக்கும் இதில் வேலை இல்லை. அடித்த முட்டையைக் கொதிக்கும் எண்ணெயில் தெளித்து, அது வலை வலையாகப் பொங்கும்போது கட்லெட்டை அதற்குள் சுருட்டுகிறார்கள். இந்தப் போர்வைக்கு ஆங்கிலத்தில் 'கவரேஜ்' என்றிருக்கிறார்கள், அதுதான் கொபிராஜி ஆனது என்கிறார்கள். தின்று முடித்த பின் விரல்களில் மிஞ்சும் எண்ணெயைப் பார்த்தால் எந்த வைத்தியரும் தன் பெயரைக் கடன் கொடுக்க மாட்டார். அதே மேசையில் 'இன்ஃப்யூஷன்' என்று கேட்டால் பால் விடாத காபி வரும். தெருமுனைக் கடைகளில் 'டெவில்' என்பது கொத்துக்கறியோ மசித்த உருளைக்கிழங்கோ போர்த்திப் பொரித்த முட்டை. 'சாப்' என்று கேட்டால் எலும்போடு கறி வரும் என்று காத்திருக்காதீர்கள்; வாழைப்பூ வடையின் அண்ணன்தான் வருவார்.

ஊர்ப் பெயரோடு சேர்ந்த இனிப்புகளைத் தேடிப் போக ஹௌராவில் பர்தமான் லோக்கல் ஏறினால் போதும், மெயின் லைனில். 1854 ஆகஸ்ட் 15 அன்று ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்குப் போன கிழக்கிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இந்தத் தடத்தில்தான் ஓடியது. கதவோரம் நிற்க இடம் கிடைத்தால் பாக்கியசாலி. பொரிக்காரர், சீப்புக்காரர், கொய்யாக்காரர் என்று நெரிசலுக்குள் ஆற்று மீன்களைப் போல நழுவிப் போகிறார்கள்.

சந்தன்நகரில் இறங்கினேன். 1950 வரை பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த ஊர். புதுச்சேரிக்கு 1742இல் கவர்னராக வந்த டூப்ளே, அதற்கு முன்பு பத்தாண்டுக் காலம் இங்கேதான் அதிகாரம் செய்தார். அவருடைய பெயரில் ஆற்றங்கரையில் ஒரு மாளிகையும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. டூப்ளேயின் புதுச்சேரித் துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தவர்களுக்கு அந்தக் கரையில் நடப்பது தனி சுகம். நான் போனது 'ஜொல்பொரா'வுக்காக.

ஜொல்பொரா என்றால் நீர் நிறைந்தது. கெட்டியான சந்தேஷ் மிட்டாய். உள்ளே நீர் இருப்பதற்கான அடையாளமே வெளியில் தெரியாது. தெலினிபாடா ஜமீன் வீட்டில் புது மாப்பிள்ளையைக் கேலி செய்ய வேண்டும், அதற்கு ஏதாவது செய்து கொடு என்று வீட்டுப் பெண்கள் சூர்ய குமார் மோதக் என்ற மிட்டாய்க்காரரிடம் கேட்டார்களாம். அது 19ஆம் நூற்றாண்டு. அவர் மரத்தில் அச்சு செதுக்கி, சந்தேஷின் வயிற்றுக்குள் பன்னீரை அடைத்துக் கொடுத்தார், ரோஜாப் பன்னீர். மாப்பிள்ளை கம்பீரமாக ஒரு கடி கடித்தார். பட்டு ஜிப்பா முழுக்கப் பன்னீர்.

அச்சின் வடிவம் எது தெரியுமா? நுங்கு. வங்காளத்தில் அதைத் தால்ஷாஷ் என்கிறார்கள். மாமனார் வீட்டில் மாப்பிள்ளைக்கு விருந்து வைக்கும் ஜாமாய் ஷஷ்டி வருவது நம் வைகாசியை ஒட்டி. நுங்குக் காலமும் அதுதான். நுங்கைக் கடித்தால் நீர் பீச்சும் என்று தெரிந்த மாப்பிள்ளைக்கு, நுங்கு வடிவத்திலேயே மிட்டாய் செய்து வைத்து, மிட்டாயில் எங்கே நீர் இருக்கப்போகிறது என்று அவரை நம்பவைத்த வித்தையை என்னவென்று சொல்வது? நம்மூரில் தலைதீபாவளி மாப்பிள்ளையை எத்தனையோ விதமாகச் சீண்டியிருக்கிறார்கள், ஆனால் அந்தச் சீண்டல் ஒரு ஊரின் அடையாளமாக நின்றதாகத் தெரியவில்லை. கடையில் நான் வாங்கியதில் பன்னீர் இல்லை. குளிர்காலம் என்பதால் பேரீச்சமரத்துப் புதுவெல்லப் பாகு. குனிந்து, தட்டை முகவாய்க்குக் கீழே பிடித்துக்கொண்டு கடிக்கச் சொல்லிக் கடைப்பையன் நடித்தே காட்டினான்.

அடுத்தது சக்திகட். இங்கே 'லேங்ச்சா'. விரல் நீளத்துக்கும் மேலான பழுப்பு நிறக் கட்டை, பாகில் மிதக்கிறது. நெடுஞ்சாலை ஓரம் வரிசையாகக் கடைகள். லேங்ச்சா மஹால், லேங்ச்சா குட்டி, லேங்ச்சா நிகேதன் என்று அரண்மனை, பங்களா, ஆசிரமம் எல்லாம் லேங்ச்சாவுக்குத்தான். துர்காபூர் பேருந்துகள் நின்றால் பயணிகள் பானை பானையாக வாங்குகிறார்கள். சுவையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஏதுமில்லை, குலாப் ஜாமூனை இழுத்து நீட்டியது போல இருக்கிறது.

பெயருக்குச் சொல்லும் கதைதான் விசேஷம். கிருஷ்ணநகர் அரசகுலத்துப் பெண் பர்தமான் அரண்மனைக்கு வாழ்க்கைப்பட்டாள். மசக்கையில் எதுவும் இறங்கவில்லை. என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, 'லேங்ச்சா' என்றாள். யாருக்கும் புரியவில்லை. பிறந்த வீட்டில் சாப்பிட்ட இனிப்பின் பெயர் அவளுக்கு மறந்துவிட்டது. அதைச் செய்தவர் கால் விந்தி நடந்தது மட்டும் நினைவிருந்தது. லேங்ச்சா என்றால் நொண்டி. அந்த மிட்டாய்க்காரரைத் தேடிப்பிடித்து, சக்திகட் பக்கம் நிலம் கொடுத்துக் குடியமர்த்தினார்களாம். கதை எவ்வளவு நிஜமோ, அந்த மனிதருக்கு என்று ஒரு பெயர் இருந்திருக்கும். கதையில் அது இல்லை. நிலம் கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை. ஊனம் பலகையில் ஏறி நியான் விளக்கில் எரிகிறது. கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். "அவர் இல்லாவிட்டால் இந்த ரோட்டில் யார் நிற்பார்கள்?" என்று கேட்டுவிட்டு அவர் அடுத்த பானையைக் கட்டப் போய்விட்டார்.

பர்தமானில் ரயிலடியிலிருந்து கொஞ்ச தூரத்தில் கர்சன் வளைவு. 1904இல் வைஸ்ராய் கர்சன் பிரபு வந்தபோது மகாராஜா பிஜய் சந்த் மஹதாப் அவருக்கு விசேஷமாக ஏதாவது செய்யச் சொல்லி, பைரவ் சந்திர நாக் செய்து கொடுத்தவை சீதாபோகும் மிஹிதானாவும். சீதாபோக் பார்ப்பதற்கு அப்படியே வெள்ளைப் புலாவ். நீள நீளமான சோற்றுப் பருக்கை, நடுநடுவே வறுத்த கறித்துண்டு போல ஏதோ பழுப்பாக. உண்மையில் பருக்கை என்பது கோவிந்தபோக் அரிசி மாவையும் பால்திரளையும் பிசைந்து பிழிந்து பொரித்துப் பாகில் போட்டது. பழுப்புத் துண்டு குட்டி குலாப் ஜாமூன். சீதைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். ஆளுக்கொரு பதில் சொன்னார்கள், எதுவும் ஒட்டவில்லை. மிஹிதானா மஞ்சளாக, நம் பூந்தியை ஊசிமுனையில் செய்தது போல. இரண்டையும் கலந்து சாப்பிடுவதுதான் முறை. 2017இல் இரண்டுக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது.

கர்சன் மனம் நிறைந்து பாராட்டினார் என்கிறார்கள். அடுத்த வருடம், 1905இல், அவர் வங்காளத்தை இரண்டாகப் பிரித்தார். சுதந்திரத்துக்குப் பிறகு வளைவின் பெயரை 'பிஜய் தோரண்' என்று மாற்றினார்கள், ரிக்‌ஷாக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் ஒரு கணம் யோசித்துவிட்டு, "ஓ, கர்சன் கேட்டா?" என்கிறார். வளைவில் அவரை ஒழிக்க முடியவில்லை. மிட்டாயில் மட்டும் பர்தமான்காரர்கள் முதலிலிருந்தே உஷாராக இருந்திருக்கிறார்கள். கேனிங்கின் மனைவிக்குக் கொடுத்ததைக் கர்சனுக்குக் கொடுக்கவில்லை.