விடத் தெரிந்த பிடி

கடைசல் பட்டறையில் உளியைக் காட்டிலும் முந்திய கேள்வி, பொருளை எப்படிப் பிடிப்பது என்பதே. தடித்த தண்டுக்கு மூன்று தாடைகள் கொண்ட சக் போதும். மெல்லிய பித்தளை வளையத்தை அதில் இறுக்கினால் கண்ணுக்குத் தெரியாமல் வளைந்துவிடும். அந்நிலையில் துளையை வட்டமாகக் கடைந்தாலும், தாடைகளைத் தளர்த்தியதும் வளையம் நிமிரும்; துளையோ முக்கோணச் சாயல் கொள்ளும். இத்தகைய வேலைகளுக்குத்தான் நாங்கள் பசையை நாடுகிறோம்.

மூன்று தலைமுறையினர் சாவி கொடுத்த ஒரு சுவர்க்கடிகாரத்தின் பற்சக்கரம் எங்களிடம் வந்தது. அதன் நடுத்துளை தேய்ந்து கோணியிருந்தது. பற்களோடு மையம் பிசகாமல் துளையைப் பெரிதாக்கி, உள்ளே புதிய புஷ் பொருத்த வேண்டும். தாடை பட்டால் பற்கள் நசுங்கும். மாற்றுச் சக்கரம் கிடையாது.

கடிகாரக்காரர்களின் பழைய முறையைக் கையாண்டோம். லேத்தில் ஒரு பித்தளை வட்டின் முகத்தைச் சீராகக் கடைந்து, ஸ்பிரிட் விளக்கால் சூடாக்கி, அவலரக்கை அதன்மேல் உருக்கினோம். சக்கரத்தை அதில் பதித்து மெல்லச் சுழற்றியபடியே, அரக்கு இறுகுமுன் மரக்குச்சியால் பல்நுனிகளைத் தொட்டுத் தொட்டு ஆட்டம் நீக்கினோம். ஆறியபின் கூரிய உளியால் மெல்லிய சீவல்களாகவே கடைந்தோம். அழுத்திக் கடைந்தால் சூடேறும். சூடேறினால் பிடி போய்விடும்.

1942இல் ஹாரி கூவர் குழுவினர் கண்டு, 1958இல் கோடாக் நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்த சயனோஅக்ரிலேட் பசையும் எங்களிடம் உண்டு. சாதாரண வாஷர்களுக்கு அதுவே போதும். நொடிகளில் ஒட்டும்; சூட்டிலோ அசிட்டோனிலோ விடுபடும். சுடும்போது எழும் ஆவி கண்ணை எரிக்கும் என்பதால் சன்னலைத் திறந்து வைப்போம். ஆனால், மையம் பார்க்க அது அவகாசம் தராது. உளி திடீரெனச் சிக்கினால் அந்த அதிர்ச்சியையும் தாங்காது.

அரக்கோ காத்திருக்கும். பாண்டவர்க்கு அரக்கு மாளிகை கட்டியவன் நம்பியது, நெருப்பின்முன் அரக்கு நில்லாது என்பதை. நாங்களும் அதே குணத்தைத்தான் நம்புகிறோம், அழிப்பதற்கன்று, விடுவிப்பதற்கு. வேலை முடிந்ததும் மீண்டும் விளக்கைக் காட்டினோம். சக்கரம் தானே கழன்றது. எஞ்சிய அரக்கை ஸ்பிரிட் கரைத்தது. பற்களில் ஒரு கீறலும் இல்லை.

எது வலிய பசை என்று கேட்போர் பலர். எது எங்கள் சொற்கேட்டு விட்டுவிடும் என்பதையே நாங்கள் பார்க்கிறோம்.