பெரிய வாய்க்காலின் இரு கரைகள்

முதுகுப்பையைச் சுமந்துகொண்டு ஐரோப்பியத் தொல்நகரம் ஒன்றில், பிராகிலோ லிஸ்பனிலோ, மலிவான விடுதியொன்றின் அடுக்குக் கட்டிலில் உறங்கிப் பகலெல்லாம் கால்போன போக்கில் நடக்கவேண்டும் என்பது எங்கள் மூவருக்கும் நெடுநாளைய ஆசை. விசாவுக்கான வங்கிக் கணக்கு விவரங்களைத் திரட்டத் தொடங்கியபோதே அந்த ஆசையின் எல்லை தெரிந்துபோயிற்று. ஆகவே கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்தேறிப் புதுச்சேரிக்குச் சென்றோம். 'ஏழைகளின் பாரிஸ்' என்று கேலி செய்தார் ஓர் இலக்கிய நண்பர். எங்கள் மூவரில் ஒருவருக்கு அவ்வூரில் வேறொரு வேலையும் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறோம்.

வெள்ளையர் பகுதியின் வாடகைகள் எங்கள் கைக்கு எட்டுவன அல்ல. பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில், பழைய வீடொன்றை விடுதியாக மாற்றியிருந்தார்கள். அங்கே இடம் கிடைத்தது. தெருவோரத் தாழ்வாரமும் திண்ணையும் அப்படியே இருந்தன. திண்ணை முழுக்கச் செருப்புகள். முற்றத்தைச் சுற்றியிருந்த மரத்தூண்களுக்கிடையே கயிறு கட்டித் துணி உலர்த்தியிருந்தனர். கூடத்தில் எட்டுக் கட்டில்கள். விளக்கேற்றும் மாடக்குழிக்குள் கைப்பேசிகள் மின்னேற்றம் பெற்றுக்கொண்டிருந்தன. எங்கள் மேற்கட்டிலில் லியோன் நகரத்து இளைஞர் ஒருவர். 'பிரான்ஸைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தேன்?' என்று கேட்டுவிட்டு, வாய்க்காலைத் தாண்டிக் கிழக்கே செல்லாமல் பரோட்டாக் கடைகளிலேயே பொழுதைக் கழித்தவர்.

அவர் சொன்னதில் நியாயமிருந்தது. மஞ்சள் சுவர்களையும் காகிதப்பூக் கொடிகளையும் படமெடுக்க வருவோர் வியக்கின்ற நேர்கோட்டுத் தெருக்களுக்கு முதலில் திட்டம் வரைந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் அல்லர், டச்சுக்காரர்கள். 1693இல் ஊரைப் பிடித்து 1699இல் திருப்பிக் கொடுப்பதற்குள் கட்டம்கட்டமாகத் தெருக்களைத் திட்டமிட்டுவிட்டுப் போனார்கள். 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் ஊரைக் கைப்பற்றிக் கோட்டையையும் ஆளுநர் மாளிகையையும் இடித்துத் தரைமட்டமாக்கினர். இன்று காண்பவை பெரும்பாலும் 1765க்குப் பின் எழுந்த கட்டடங்களே. டூப்ளேயின் சிலையைக் கடற்கரைச் சாலையின் தென்கோடியில் காணலாம். அவர் காலத்து மாளிகையைத் தேடுவது வீண்.

அந்த இடிபாடுகளின் மேல் வானாய்வு மேடை அமைத்த லெ ஜான்தீய் என்ற வானியலாளரை நினைக்காமல் அத்தெருக்களில் நடக்க எங்களால் இயலவில்லை. சூரியனைச் சுக்கிரன் கடப்பதை 1761இல் புதுச்சேரியிலிருந்து காண்பதற்காகக் கப்பலேறியவர். வழியிலேயே ஊர் ஆங்கிலேயர் வசமான செய்தி வந்தது. ஆடும் கப்பலிலிருந்து பார்த்ததை அளவாகக் கொள்ள முடியவில்லை. எட்டாண்டுகள் கீழைக் கடல்களிலேயே காத்திருந்தார். 1769 ஜூன் 4ஆம் நாள் காலை, புதுச்சேரியில் எல்லாம் ஆயத்தமாக இருந்தபோது மேகம் மூடிற்று. நிகழ்வு முடிந்ததும் வானம் தெளிந்தது. பிரான்ஸுக்குத் திரும்பினால், அவர் இறந்துவிட்டதாகக் கருதி உறவினர் சொத்தைப் பிரிக்க முனைந்திருந்தார்கள்! ஆனால் அவர் வெறுங்கையோடு போகவில்லை. சோழிகளை நகர்த்தியே கிரகணத்தைக் கணித்த தமிழரின் முறையைக் கற்று எழுதிவைத்தார். எங்களைப் பொறுத்தவரை சுக்கிரனைவிட அச்சோழிகளே முக்கியம்.

வாய்க்காலுக்கு மேற்கே, சம்பா கோவில் என்று ஊரார் வழங்கும் மாதாகோயிலின் முன் நெடுநேரம் நின்றிருந்தோம். அதையடுத்துத்தான் பழைய வேதபுரீசுவரர் கோயில் இருந்தது. 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டிருந்த நாட்களில், டூப்ளேயின் ஆட்சி அதை இடித்தது. அவருடைய துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளை அந்நாட்களைத் தமது நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். 1736 முதல் 1761 வரை, ஊர் வீழ்வதற்குச் சில நாட்கள் முன்பு தாம் இறக்கும்வரை எழுதியவர். எசமானரின் செல்வாக்கில் வாழ்ந்தவர், எசமானர் தம் தெய்வத்தின் கோயிலை இடித்ததையும் எழுதவேண்டியிருந்தது. இவரைத் துரோகி என்றும் நாயகர் என்றும் எளிதாகப் பேசுவோர் அப்பக்கங்களை ஒருமுறை பொறுமையாகப் படிக்கட்டும். ரங்கப்பிள்ளை வீதியில் அவருடைய வீடு இன்றும் நிற்கிறது. கீழே தமிழ் மரத்தூண்கள், மேலே பிரெஞ்சுப் பாணித் தூண்வரிசை.

ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் வாழ்ந்த வீட்டையும், பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசனின் வீட்டையும் பார்த்தோம். இவற்றைப் பற்றி எழுதாதவர் இல்லையாதலால் நாங்களும் எழுதவேண்டியதில்லை. ஒன்று மட்டும்: 1908 முதல் 1918 வரை பாரதியாருக்குப் புகலிடமானது ஓர் எல்லைக்கோடு. அந்தக் கோடு இல்லாவிடில் சிறை. அதே கோடு பிறகு வேறு பலரின் குடும்பங்களைப் பிளந்தது.

எங்கள் நண்பரின் வேலை இதுதான். அவருடைய தாத்தாவும் சின்னத்தாத்தாவும் புதுச்சேரியில் பிறந்தவர்கள். சின்னத்தாத்தா பிரெஞ்சுப் படையில் சேர்ந்து சைகோன் வரை சென்று வந்த 'சொல்தா'. தாத்தா பள்ளி ஆசிரியர். 1954 அக்டோபர் 18ஆம் நாள் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினர். 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறிற்று. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16இல். அன்றுமுதல் ஆறு மாதங்களுக்குள் எழுத்து மூலம் தெரிவித்தால், அங்கே பிறந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்பது உடன்படிக்கை. சின்னத்தாத்தா கையெழுத்திட்டார். தாத்தா இடவில்லை.

ஏன் இடவில்லை என்பதற்கு அக்குடும்பத்தில் இரண்டு கதைகள் உண்டு. தேசப்பற்றினால் மறுத்தார் என்பது தாத்தாவின் பிள்ளைகள் சொல்வது. கடலூரில் காய்ச்சலாகக் கிடந்து நாளைத் தவறவிட்டார் என்பது பாரிஸில் இருக்கும் சின்னத்தாத்தாவின் கிளையினர் சொல்வது. எது உண்மையானாலும், ஒரே வீட்டில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகளில் ஒருவருக்கு விசா வேண்டும், மற்றவருக்கு வேண்டாம்.

வீட்டைத் தேடி மிஷன் வீதிக்கு மேற்கே அலைந்தோம். பாகம் பிரிந்து, விற்று, இடித்து, நான்கு மாடிக் கட்டடமாக எழுந்திருந்தது. எதிர்வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்த பெரியவர் எங்களை உற்றுப் பார்த்து, "தம்பி, யாரு வீட்டுப் புள்ளைங்க?" என்றார். நண்பர் தாத்தாவின் பெயரைச் சொன்னதும் அவர் நகர்ந்து இடம்விட்டார்.

"வாத்தியார் பேரனா? அந்த ஆறு மாசமும் எந்தத் திண்ணையில ஒக்காந்தாலும் இதே பேச்சுதான். போட்டியா, போடலையான்னு. எங்கப்பா போடல. ஏன்னு கேட்டா, நீ போய்ப் பள்ளிக்கூடத்துப் பாடத்தப் படின்னு சொல்லிட்டாரு."

"எங்க தாத்தா ஏன் போடலைன்னு தெரியுமா ஐயா?"

"அதெல்லாம் யாரு தம்பி வெளிய சொன்னா?"

நண்பர் கட்டடத்தைப் படமெடுத்துப் பாரிஸிலுள்ள அக்காவுக்கு, சின்னத்தாத்தாவின் பேத்திக்கு, அனுப்பினார். அவர்களிடையே கடிதமும் பேச்சும் அற்றுப் பல ஆண்டுகள். இரவு பதில் வந்தது, பிரெஞ்சு மொழியில். லியோன் இளைஞர் மேற்கட்டிலிலிருந்து குனிந்து படித்து ஆங்கிலத்தில் சொன்னார்: 'கொல்லையில் கிணறு இருந்ததாக அப்பா சொல்வார், அது இருக்கிறதா?'

மறுநாள் காலை மீண்டும் போனோம். காவலாளியிடம் பேசி உள்ளே சென்றோம். வாகனங்கள் நிறுத்துமிடத்தின் மூலையில் கிணறு இருந்தது. இரும்பு வலையால் மூடி, நீரேற்றும் குழாயொன்றை இறக்கியிருந்தார்கள். நண்பர் வலையின்மேல் குனிந்து படமெடுத்தார். முதல் படத்தில் அவருடைய நிழல் விழுந்துவிட்டது. இன்னொன்று எடுக்கச் சொன்னோம். வேண்டாம், இதுவே போகட்டும் என்று அனுப்பிவிட்டார்.