கழுவியது அழுக்கை அல்ல

அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் கையெல்லாம் பிசுபிசுத்தது. மகளின் சைக்கிளுக்காக வாங்கி வந்த புது செயின். "புதுசுலேயே இவ்வளவு அழுக்கா!" என்று முகம் சுளித்தேன். பெயின்ட் கடையில் டர்பன்டைன் வாங்கி, பழைய பக்கெட்டில் இரவு முழுவதும் ஊறப் போட்டேன். காலையில் வெள்ளிக் கொலுசு மாதிரி மின்னியது. மாட்டிவிட்டு, மேலே தாராளமாக எண்ணெயும் ஊற்றினேன். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இயந்திர ஞானமும் உண்டு என்று வீட்டில் நிரூபித்த பெருமை எனக்கு.

பெருமை மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. தில்லியின் ஏப்ரல் புழுதி எண்ணெயில் ஒட்டி, செயின் கரிச்சட்டியாகிக் கீச்சிட்டது. ஒரு நாள் பள்ளிக்குப் போகும் வழியில் சாலையைக் கடக்கும்போது, இறுகிப்போன கண்ணி ஒன்று பல்சக்கரத்தில் உட்காராமல் செயின் கழன்றது. பின்னால் வந்த பஸ் பிரேக் போட்டதால் மகள் முழங்கால் சிராய்ப்போடு தப்பினாள்.

வேப்பமரத்தடி சைக்கிள் மிஸ்திரி செயினை விரலால் வளைத்துப் பார்த்தார். "சாப், கம்பெனிக்காரன் உள்ளே வைத்ததை எடுத்துவிட்டு நீங்கள் வெளியே பூசியிருக்கிறீர்கள்" என்றார் இந்தியில்.

அப்புறம்தான் விளங்கியது. 1880இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் காப்புரிமை பெற்ற அமைப்புதான் இன்றும் சைக்கிள் செயினின் அடிப்படை. அரை அங்குலத்துக்கு ஒரு ஊசி, அதன் மேல் ஒரு குழல், குழலின் மேல் ஓர் உருளை. தேய்மானம் நடப்பது கண்ணுக்குத் தெரியாத அந்த இடுக்கில். நான் அழுக்கென்று நினைத்த பிசுக்கு, துருவையும் தேய்மானத்தையும் தடுக்க அங்கே வைத்த மசகு. புது செயினை ஊறப் போடக் கூடாது. வெளிப்பிசுக்கைத் துணியால் துடைத்தால் போதும். ஓட ஓட உலர்ந்த பிறகு, உருளைக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பெடலைப் பின்புறமாகச் சுற்றி, சற்றுப் பொறுத்து, வெளியே இருப்பதைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். வெளியே தங்கும் எண்ணெய் புழுதியைச் சேர்த்து உப்புத்தாள் போல அறுக்கும்.

மிஸ்திரி ஓர் அளவும் சொல்லிக் கொடுத்தார். 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அதில் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டுவிட்டால் செயினை மாற்ற வேண்டும். தள்ளிப்போட்டால் பல்சக்கரமும் தேய்ந்து செலவு இரட்டிப்பாகும்.

'மசகு எண்ணெய்' என்ற சொல்லை எத்தனையோ செய்திகளில் மொழிபெயர்த்து எழுதியிருக்கிறேன். அது எங்கே போய்ச் சேர வேண்டும் என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

இப்போது இன்னொரு புது செயின். துணியோடு உட்கார்ந்திருக்கிறேன். முழங்காலில் பிளாஸ்திரியுடன் பக்கத்தில் நிற்கிறாள் மகள்.

"போதும்ப்பா, விட்டுடுங்க."

விட்டுவிட்டேன்.