செங்கம் சாலையில் ஒரு விளக்குப் பயணம்

திருவண்ணாமலைக்கு எத்தனையோ பேர் எத்தனையோ நோக்கங்களோடு வருகின்றனர். மலையை வலம் வருவோர், கோயிலைக் காண வருவோர், அமைதி தேடிக் கடல் கடந்து வருவோர் எனப் பலரும் உண்டு. நானும் என் தாய்மாமாவும் சென்றதோ பழைய புகைப்பட விளக்குகள் இரண்டை விற்பதற்காக!

மாமு 40 ஆண்டுகள் வட ஆற்காட்டுப் பகுதிச் சிற்றூர் ஒன்றில் ஸ்டுடியோ நடத்தியவர். எங்கள் சுற்றுவட்டாரத்தில் அவர் படமெடுக்காத நிக்காஹ் இல்லை என்றே சொல்லலாம். மக்களைப் படிக்க வைத்ததும் மணமுடித்துக் கொடுத்ததும் அந்த விளக்குகளின் வெளிச்சத்தில்தான். கடையை மூடிய பின், ரமணாசிரமம் பகுதியில் தங்கியிருக்கும் இளம் புகைப்படக்காரர் ஒருவர் பழைய சாதனங்களை வாங்குவதாகக் கேள்விப்பட்டார். இரண்டு ஃப்ளாஷ் விளக்குகள், இரண்டு வெள்ளைக் குடைகள், இரண்டு ஸ்டாண்டுகள் ஆகியவற்றைக் கட்டிக்கொண்டு பேருந்து ஏறினோம்.

நகரைக் கடந்து செங்கம் சாலையில் சென்றால், மலையடிவாரத்தில் ஆசிரமம் அமைந்திருக்கிறது. ரமணர் 1896-ஆம் ஆண்டு இவ்வூருக்கு வந்தவர். 1922-இல் அன்னையார் மறைந்த பிறகு அவரது சமாதியைச் சுற்றி இந்த ஆசிரமம் வளர்ந்தது. முற்றத்தில் முதிய இலுப்பை மரம் நிழல் பரப்பி நிற்க, மயில்கள் அச்சமின்றி உலவுகின்றன.

இளைஞர் வரச் சொன்ன நேரத்திற்கு முன்பே சென்றுவிட்டதால், சாலையோரக் கடையொன்றில் தொங்கிய படங்களைப் பார்த்து நின்றோம். 1946-இல் ஜி. ஜி. வெல்லிங் எடுத்த ரமணரின் மார்பளவுப் படத்தை இவ்வூரில் காணாத கடை அரிது. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே பிரெசோன் 1950 ஏப்ரலில் இங்கே வந்தார். ரமணர் மறைந்த 14-ஆம் தேதி இரவு அவர் இவ்வூரில்தான் இருந்தார். ஃப்ளாஷ் விளக்கை அறவே வெறுத்த அவர், கிடைத்த வெளிச்சத்திலேயே சிறிய லைக்கா காமிராவால் படமெடுத்தவர். காந்தியடிகளும் தம் உறவினர் கனு காந்திக்குப் படமெடுக்க அனுமதி தந்தபோது, ஃப்ளாஷ் கூடாது என்று நிபந்தனை விதித்தார்.

இதை மாமுவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். “அவர்களுக்குப் பகல் காத்திருந்தது, மருமகனே! இரவு பத்து மணிக்குப் பெண்ணை மேடைக்கு அழைத்து வருவார்கள். மண்டபத்தில் இரண்டு குழல்விளக்குகள்தாம் எரியும். அங்கே எனக்கு எந்தச் சூரியன் காத்திருக்கும்?”

அது நியாயமான கேள்வி. அக்காலத்தில் பெரிதும் வழங்கிய கலர் ஃபிலிமின் ஒளி உணர்திறன் 100. இன்றைய காமிராவிலோ அதை 6400-க்கு உயர்த்தித் தெளிவான படம் எடுக்கலாம். அதாவது, அன்று தேவைப்பட்ட வெளிச்சத்தில் 64-இல் ஒரு பங்கு இருந்தாலே போதும். கைப்பேசியோ இருட்டில் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, அவற்றை ஒன்றாக இணைத்துக் கொள்கிறது. போதாக்குறைக்கு, திருமணங்களில் வீடியோ முதலிடம் பெற்றதால், கணநேரம் மின்னி மறையும் ஃப்ளாஷைவிட இடைவிடாது எரியும் எல்.இ.டி. விளக்கே வசதியாயிற்று.

இந்த மாற்றத்தில் சாய்ந்தவை சிற்றூர்ச் சிறுகடைகள் மட்டுமல்ல. இங்கிலாந்தில் 1923-இல் தோன்றி, ஸ்டுடியோ விளக்குகளுக்குப் பெயர் பெற்ற போவன்ஸ் நிறுவனம் 2017-இல் மூடப்பட்டது. துணைக்கருவிகளை விளக்கில் பொருத்த அது வகுத்த வளைய அமைப்பை மட்டும் சீன நிறுவனங்கள் இன்றும் கையாளுகின்றன. நம் உதகையில் 1960-இல் நிறுவப்பட்டு, ‘இந்து’ என்னும் பெயரில் ஃபிலிம் தயாரித்த அரசு நிறுவனமும் நலிந்து ஓய்ந்துவிட்டது.

இளைஞர் எங்களை மரியாதையோடு வரவேற்றுத் தேநீர் தந்தார். விளக்குகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தயங்கினார். “பாய், பல நாள் மின்சாரம் கொடுக்காமல் வைத்ததால் கண்டென்சர் பழுதாகியிருக்கும். இதற்குரிய குழாய் இப்போது கிடைப்பதில்லை. ஸ்டாண்டுகளையும் குடைகளையும் மட்டும் எடுத்துக்கொள்கிறேன்” என்றார்.

மாமு ஒன்றும் பேசவில்லை. விளக்கைத் தாங்கும் காலுக்கு விலை உண்டு; விளக்குக்கு இல்லை!

புறப்படும் வேளையில் இளைஞர் ஓர் ஐயம் கேட்டார். ஜரிகைச் சேலையும் நகையும் அணிந்த மணப்பெண்ணைப் படமெடுத்தால், ஜரிகை பளிச்சிட்டு முகம் இருண்டுவிடுகிறதாம். மாமு அவரைச் சன்னலோரம் அமர்த்தினார். ஒரு வெள்ளை வேட்டியை விரித்து என் கையில் கொடுத்து, முன்னும் பின்னும் நகரச் சொன்னார். “மூக்கின் நிழலைப் பார், தம்பி. நிழல் உதட்டைத் தொடக் கூடாது. விளக்கை இருமடங்கு தூரம் தள்ளினால் வெளிச்சம் பாதியாகாது, கால் பங்காகிவிடும். மேடை முழுதும் ஒரே சீராக வெளிச்சம் வேண்டுமா, தள்ளி வை. முகம் மட்டும் துலங்க வேண்டுமா, கிட்டே கொண்டு வா.”

பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், ஒளி நேர்க்கோட்டில் செல்வதை 11-ஆம் நூற்றாண்டிலேயே சோதனைகளால் விளக்கியவர். ஏட்டில் பயின்ற அந்த ஒளியியலை ஒரு வேட்டியைக் கொண்டு மாமு கற்பித்த அரைமணி நேரத்தில்தான் நான் கண்ணால் கண்டேன். இளைஞர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அதற்கும் சேர்த்து அவர் கொடுக்க முயன்ற பணத்தை மாமு வாங்கவில்லை.

திரும்பும் பேருந்தில் விளக்குகள் எங்கள் மடியில் இருந்தன. “ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ். அதில் குறையில்லை. ஆனால் கற்ற தொழிலைக் கேட்க ஆளில்லாமல் போவதுதான் வலிக்கிறது” என்றார் மாமு.

வாசக அன்பர்களே! நம் கைப்பேசிகளில் ஆயிரக்கணக்கில் படங்கள் குவிந்துள்ளன. ஆயினும் நம் பாட்டனார், பாட்டியார் முகம் அமைதியான வெளிச்சத்தில் துலங்கும் படம் ஒன்றேனும் உண்டா என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் ஊரில் ஒரு ஸ்டுடியோ இன்னும் திறந்திருந்தால், பெரியவர்களை ஒருமுறை அங்கே அழைத்துச் சென்று படமெடுத்து, அதை அச்சிட்டு வீட்டில் வையுங்கள். குடும்பத்திற்கு ஒரு நினைவு மிஞ்சும். வெளிச்சம் அறிந்த ஒரு மனிதருக்கு அன்றைய அடுப்பு எரியும்.