கீழே இறங்க எத்தனை நிமிடம்?

போன பிப்ரவரியில் ஒரு இளம் தம்பதி வீட்டுக்கு வந்திருந்தார்கள். சென்னையிலிருந்து ஓக்லஹோமா சிட்டிக்கு வேலைக்கு வந்து, மூர் பக்கம் வீடு வாங்கப் போகிறவர்கள். "கிச்சன் பெரிசு ஆன்ட்டி, சாமி ரூமுக்குக்கூட இடம் இருக்கு" என்று அந்தப் பெண் அடுக்கிக்கொண்டே போனாள். நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "டொர்னேடோ வந்தா எங்கே போவீங்க?"

"நாங்க பாக்காத புயலா ஆன்ட்டி? வர்தா அன்னிக்கு வேளச்சேரியிலதான் இருந்தோம்" என்றான் பையன்.

நானும் இந்த நினைப்போடுதான் வந்து இறங்கினேன். நம் ஊர்ப் புயலுக்கு முன்கூட்டியே பெயர் வைத்து, துறைமுகத்தில் கூண்டு ஏற்றி, மெழுகுவத்தியும் பால் பாக்கெட்டும் வாங்கி வைக்க அவகாசம் கொடுப்பார்கள். டொர்னேடோவுக்குப் பெயரும் கிடையாது, கூண்டும் கிடையாது. காலையில் டிவியில் 'வாட்ச்' என்பார்கள். அதற்கேற்ற வானிலை கூடியிருக்கிறது என்று அர்த்தம். 'வார்னிங்' என்றால் ரேடாரிலோ யார் கண்ணிலோ பட்டுவிட்டது. அதற்குப் பிறகு கையில் இருப்பது சராசரியாகப் பத்து நிமிடம் சொச்சம்தான். சில நாள் அதுவும் இருக்காது.

1999 மே 3 சாயங்காலம் இந்தப் பக்கம் டொர்னேடோ வந்தபோது எங்கள் வீட்டில் ஷெல்ட்டர் எதுவும் கிடையாது. நடுவில் ஜன்னல் இல்லாத பாத்ரூம் ஒன்று. தொட்டிக்குள் பிள்ளைகள் இரண்டு பேரையும் உட்காரவைத்து, மேலே மெத்தையை இழுத்துப் போட்டு, அதன்மேல் நாங்கள் கவிழ்ந்து கிடந்தோம். எங்களுக்குச் சில தெரு தள்ளிப் போனது அது. அன்று ரேடாரில் பதிவான காற்றின் வேகம் மணிக்கு 480 கிலோமீட்டருக்கு மேல். 36 பேர் போய்விட்டார்கள். வெளியே வந்து பார்த்தால், அந்தத் தெருக்களில் சில வீடுகள் இருந்த இடத்தில் சிமென்ட் தளம் மட்டும் கிடந்தது. பாத்ரூம் எங்களைக் காப்பாற்றியது என்று நான் சொல்லமாட்டேன். அது வேறு பக்கம் போனது, அவ்வளவுதான்.

அமெரிக்கா என்றால் வீட்டுக்கு வீடு பேஸ்மெண்ட் இருக்கும் என்று சினிமா பார்த்து நினைத்துக்கொள்கிறோம். வடக்கே குளிரில் மண் ஆழம் வரை உறையும். அஸ்திவாரத்தை அதற்கும் கீழே இறக்கவேண்டும். எப்படியும் தோண்டுகிறோமே என்று கீழே ஒரு அறையும் கட்டிவிடுவார்கள். இங்கே அவ்வளவு ஆழம் தேவையில்லை. போதாக்குறைக்கு மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும் செம்மண் களி. அதனால் பெரும்பாலும் தரையிலேயே தளம் போட்டு எழுப்பிய வீடுகள்தான்.

பேஸ்மெண்ட் உள்ள ஊருக்கு மாற்றலாகிப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தென்மேற்கு மூலையில் உட்கார் என்று பழைய ஆட்கள் இன்னும் சொல்வார்கள். 1966இல் கான்சஸின் டொபீகா நகரத்தில் அடித்த டொர்னேடோவுக்குப் பிறகு வீடு வீடாக ஆராய்ந்து, அது சரியில்லை என்று சொல்லியாகிவிட்டது. மூலையை விட, தலைக்கு மேல் தளத்தில் என்ன நிற்கிறது என்று பாருங்கள். ஃபிரிட்ஜுக்கோ பியானோவுக்கோ நேர் கீழே உட்காரவேண்டாம். மாடிப்படிக்கு அடியிலோ கனமான மேசைக்கு அடியிலோ போங்கள்.

நாங்கள் 1999க்கு அடுத்த வருடமே கராஜ் தரையை வெட்டி, இரும்புப் பெட்டி ஒன்றைப் பதித்தோம். கார் நிற்கும் இடத்துக்கு அடியில் ஒரு குழி, மேலே பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் மூடி. மேல்நோக்கித் திறக்கும் கதவாக இருந்தால் இடிபாடு விழுந்து அமுக்கிவிடும் என்று வாங்கும்போதே சொன்னார்கள். ஆறு பேர் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு உட்காரலாம். நகராட்சியில் எங்கள் முகவரியையும் குழி இருக்கும் இடத்தையும் பதிந்து வைத்தோம். வீடு மேலே சரிந்தாலும் மீட்பு ஆட்கள் எங்கே தேடுவது என்று தெரிந்து வருவார்கள். இதெல்லாம் சரியாகச் செய்தோம்.

பிறகு என்ன ஆயிற்று என்றால், அந்தக் குழி கையில் கிடைத்த பரண் ஆகிவிட்டது. முதலில் ஒரு சூட்கேஸ், அப்புறம் கொலு பொம்மைப் பெட்டி இரண்டு, பிள்ளைகளின் பழைய புத்தகம். என் மாமியார் ஆறு மாத விசாவில் வந்திருந்த ஒரு மே மாதம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சைரன். காரை வெளியே எடுத்து, மூடியைத் தள்ளினால் சிலந்தி வலை. பெட்டிகளை ஒவ்வொன்றாக மேலே தூக்கிப் போட்டோம். ஆலங்கட்டி கராஜ் கதவை உடைக்கிறாற்போல் அடிக்கிறது. அடுத்தது மாமியார். ஏணி மாதிரிச் செங்குத்தாக ஏழு படி, அவருக்கோ இரண்டு மூட்டிலும் வலி. என் கணவர் கீழேயும் நான் மேலேயும் பிடித்து, புடவை தடுக்காமல் ஒவ்வொரு காலாக எடுத்து வைக்கவைத்து இறக்கினோம். மூடியை இழுத்துச் சாத்தும்போது மணி பார்த்தேன். பதினொரு நிமிடம். "ஏண்டி, பெட்டிக்கா ஷெல்ட்டர் கட்டினீங்க?" என்றார் மாமியார், இருட்டில். அன்றைக்கும் அது வேறு பக்கம் போனது.

அதனால் வீடு வாங்கும் பிள்ளைகளிடம் நான் ஷெல்ட்டர் விலையைக் கேட்பதில்லை. உங்கள் வீட்டுக்கு வந்துபோகிறவர்களின் முட்டி எப்படி என்று கேட்கிறேன். பெற்றோர் வருவார்கள் என்றால் தரைக்கு மேலே வைக்கும் சேஃப் ரூம்தான் என் கட்சி. கான்கிரீட் தளத்தில் போல்ட் போட்டு இறுக்கிய இரும்பு அறை. நடந்தே உள்ளே போய்விடலாம். தரைக்கு மேலே என்றால் தாங்குமா என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. டெக்சாஸின் லப்பக்கில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் ஏழு கிலோ எடையுள்ள மரக்கட்டையைப் பீரங்கியில் வைத்து, மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் சுவர்மேல் சுட்டுப் பார்க்கிறார்கள். அந்தச் சோதனையில் தேறியதா என்று கேட்டு வாங்குங்கள். வெறும் இரும்பு அலமாரியை விற்கிறவர்களும் உண்டு.

அபார்ட்மெண்டில் இருப்பவர்கள், முக்கியமாக மாடியில் இருப்பவர்கள், கீழ்வீட்டுக்காரரோடு இன்றைக்கே பழகிக்கொள்ளுங்கள். சைரன் ஊதும்போது அவர் வீட்டு நடு க்ளாசெட்டில் உங்களுக்கும் ஓர் இடம் வேண்டும். காலில் ஷூ, தலையில் சைக்கிள் ஹெல்மெட். கிண்டல் செய்கிறவர்கள் செய்யட்டும். சக்கரம் வைத்த மொபைல் ஹோமில் மட்டும் எந்த அறையையும் நம்பவேண்டாம். 'வாட்ச்' வந்ததுமே வேறு இடம் போய்விடுங்கள்.

மேம்பாலத்துக்கு அடியில் ஒண்டுவது என்ற ஆசையையும் விட்டுவிடுங்கள். 1991இல் கான்சஸில் ஒரு டிவிக் குழு அப்படி ஒண்டித் தப்பிய வீடியோ ஊரெல்லாம் ஓடியது. 1999இல் அதே போல் ஒண்டியவர்களில் மூன்று பேர் இறந்தார்கள். காற்று அங்கே உருவிக்கொண்டு போகும். 2013 மே 31 அன்று மழைநீர்க் கால்வாய்க்குள் பதுங்கியவர்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அதற்குப் பதினொரு நாள் முன்புதான் மூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஏழு குழந்தைகள் இறந்திருந்தார்கள். அந்தப் பள்ளியில் ஷெல்ட்டர் இருக்கவில்லை. திரும்பக் கட்டியபோதுதான் வைத்தார்கள்.

எங்கள் பக்கம் சனிக்கிழமை பகல் 12 மணிக்கு சைரனை ஊதிச் சோதிப்பார்கள். குடிபோனதும் அந்தச் சத்தத்துக்கு எல்லாரும் எழுந்து ஒரு தடவை உள்ளே போய்ப் பாருங்கள் என்று அந்தத் தம்பதியிடம் சொல்லியிருந்தேன். போன வாரம் பையன் கூப்பிட்டான். கராஜில் சேஃப் ரூம் வைத்தாயிற்றாம். அவன் அம்மாவும் வந்திருக்கிறார்களாம்.

"நாலு நிமிஷம் ஆயிடுச்சு ஆன்ட்டி. அம்மா மூக்குக் கண்ணாடியத் தேடினதுலயே ரெண்டு நிமிஷம் போச்சு."

"பழைய கண்ணாடி ஒண்ணு வெச்சிருப்பாங்க. அத உள்ளேயே மாட்டி வை" என்றேன்.