கொல்லிமலையில் மூன்று நாள்

மலைவாசம் என்றவுடனே தமிழ்நாட்டு ஜனங்களின் நினைவுக்கு வருவன உதகமண்டலமும் கோடைக்கானலுந்தான். அவ்விரண்டு பட்டணங்களும் வெள்ளைக்காரர்கள் தங்கள் தேகத்துக்கு ஒத்த சீதோஷ்ணத்தைத் தேடி வந்து அமைத்துக்கொண்டவை. கொல்லிமலையின் கதை வேறு. அந்தப் பட்டணங்கள் உண்டாவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அது சங்கப் புலவர்களின் வாக்கில் இடம் பெற்றுவிட்டது. ஆயினும், அதை நேரில் கண்டவர்களைவிடப் பாடப் புத்தகத்தில் படித்தவர்களே நம்மில் அதிகம். அந்தக் குறையை நீக்கிக்கொள்ள வேண்டுமென்று, காலாண்டுப் பரீட்சை விடுமுறையில், உபாத்தியாயர்கள் இருவரும் மேல்வகுப்புப் பிள்ளைகள் அறுவருமாக எண்மர் புறப்பட்டோம்.

நாமக்கல்லிலிருந்து காளப்பநாயக்கன்பட்டி வழியாகப் போனால் காரவள்ளி என்னும் அடிவாரம் வருகிறது. அதுவரையில் நிலம் சமதரைதான். அங்கே திடீரென்று ஒரு கோட்டைச் சுவரைப்போல மலை எழுந்து நிற்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த இந்தக் கொல்லிமலை, கடல் மட்டத்துக்கு மேல் ஆயிரம் முதல் ஆயிரத்து முந்நூறு மீட்டர் வரையில் உயர்ந்தது. மேலே கூரிய சிகரங்களைத் தேடுகிறவர்கள் ஏமாந்து போவார்கள். மேடும் பள்ளமுமாக விரிந்த ஒரு தனி நாடே அங்கு இருக்கிறது.

காரவள்ளியிலிருந்து ஏறும் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 70. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிப் பலகை நாட்டியிருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் முப்பதாவது வளைவு வரையில் உரக்க எண்ணிக்கொண்டு வந்தார்கள். அதற்கு மேல் எண்ணுவதை விட்டு எலுமிச்சம்பழத்தை முகர ஆரம்பித்தார்கள். பஸ் ஓட்டியவரோ, பக்கத்தில் நின்றவரிடம் மிளகு விலையைப் பற்றி விசாரித்துக்கொண்டே சாவதானமாக வண்டியைத் திருப்பினார்.

மலைமீதுள்ள முக்கியமான ஊர் செம்மேடு. வல்வில் ஓரியின் சிலை அங்கே இருக்கிறது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான ஓரி இம்மலைக்குத் தலைவன். அவன் எய்த ஒரே அம்பு யானையைக் கொன்று, புலியை ஊடுருவி, மானையும் பன்றியையும் துளைத்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பின்மேல் தைத்து நின்றது என்பதாக வன்பரணர் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. வகுப்பில் இதைக் கேட்கும்போது சிரிக்கிற பிள்ளைகள், சிலையின்முன் சற்று நேரம் மௌனமாக நின்றார்கள். பின்பு அவர்களில் ஒருவன், "அத்தனை பெரிய வீரன் எப்படி ஸார் தோற்றான்?" என்று கேட்டான். மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்த செய்தி அகநானூற்றில் வருகிறது. அதைச் சொன்னோம். மலை வளமுடையதாக இருந்ததனாலேயே அதற்குப் பகைவரும் இருந்தார்கள் என்பதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுகொண்டார்கள்.

இரண்டாம் நாள் வளப்பூர் நாட்டிலுள்ள அறப்பளீசுவரர் கோயிலுக்குச் சென்றோம். இங்கே கிராமங்களின் தொகுதியை 'நாடு' என்றே வழங்குகிறார்கள். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, தின்னனூர் நாடு என்று பல நாடுகள் இருக்கின்றன. கோயிலை அடுத்து ஐயாறு ஓடுகிறது. ஆற்றில் பிடித்து அறுத்த மீன்கள் இறைவன் அருளால் மீண்டும் பொருந்தி உயிர்பெற்று நீந்தின என்பது ஸ்தல ஐதீகம். நாங்கள் போயிருந்த சமயம், ஒரு குடும்பத்தார் மீன்களுக்குப் பொரி இறைத்துக்கொண்டிருந்தார்கள். மீன்களும் பயமில்லாமல் கரையோரம் வந்து மொய்த்தன.

கோயிலுக்கு அருகிலிருந்து ஆகாய கங்கை அருவிக்குப் படிகள் இறங்குகின்றன. மற்ற மலைகளில் கஷ்டப்பட்டு ஏறினால் காட்சி, திரும்புவது சுலபம். இங்கே எல்லாம் தலைகீழ். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் முதலில் இறங்க வேண்டும். களைத்த பிறகு ஏற வேண்டும். படிகள் செங்குத்தானவை, மழைக் காலத்தில் வழுக்கும். முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் கோயிலோடு நின்றுவிடுவது உத்தமம். ஆனால் இறங்கினவர்களுக்கு வீண் சிரமம் இல்லை. சுமார் 300 அடி உயரத்திலிருந்து ஐயாறு அப்படியே பாறைமேல் விழுகிறது. நெருங்குவதற்குள் சாரலிலேயே உடுப்பு முழுவதும் நனைந்துவிடுகிறது. அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், தண்ணீர் வானத்திலிருந்தே புறப்பட்டதுபோல் தோன்றும். பெயர் வைத்தவர்கள் ரசிகர்கள்தாம்.

அருவியோடு திரும்புகிறவர்கள் கொல்லிமலையில் பாதியைத்தான் பார்த்தவர்கள் என்பது எங்கள் அபிப்பிராயம். மற்றப் பாதியைக் காண நடக்க வேண்டும். ஐயாற்றின் போக்கிலே கீழே புளியஞ்சோலைக்கு இறங்கும் காட்டுப் பாதை ஒன்று உண்டு. வழிகாட்டியும் வனத்துறையின் அனுமதியும் இல்லாமல் பிள்ளைகளை அதில் அழைத்துப் போகலாகாது. ஆகையால், மூன்றாம் நாள் ஊருக்கு ஊர் போகும் ஒற்றையடிப் பாதைகளிலேயே காலையிலிருந்து நடந்தோம். பள்ளத்தில் நெல் வயல். சரிவில் பலாவும் வாழையும். சவுக்கு மரம்போல் ஓங்கிய மரங்களைப் பற்றி ஏறும் மிளகுக் கொடி. அதன் நிழலில் காப்பிச் செடி. மேட்டு நிலத்திலோ எங்கு திரும்பினாலும் மரவள்ளி. பிள்ளைகள் சாமைக் கதிரைப் பார்க்க ஆசைப்பட்டார்கள். வெகு தூரம் நடந்த பிறகே, பாறைக்கு அருகில் ஒரு சிறு துண்டு நிலத்தில், இளங்கதிர் வாங்கித் தலைசாய்த்து நின்ற சாமையைக் கண்டோம்.

அந்த நிலத்துக்கு உரியவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி. இம்மலையின் பூர்வ குடிகள் 'மலையாளிகள்' என்று அழைக்கப்படுகிறார்கள். கேரள தேசத்தாரோடு அவர்களைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவர்கள் பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று அவர்களிடையே ஒரு கர்ண பரம்பரைக் கதை வழங்குகிறது.

பாட்டி எங்களைத் திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்தாள். "மரவள்ளி இத்தனை இருக்கிறதே, சாமை ஏன் குறைந்துவிட்டது, பாட்டி?" என்று கேட்டோம்.

"கிழங்கு போட்டா லாரி வந்து ஏத்திக்கிட்டுப் போகுது, சாமி. சாமை வயித்துக்கு ஆகும். பேரன் படிப்புக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் ஆகுமா?" என்றாள்.

சேலம், நாமக்கல் பிரதேசத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளி வேண்டியிருக்கிறது. கையில் ரொக்கம் கிடைக்கும் பயிரை மலைமக்கள் நாடியதில் குற்றம் காண நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நாமும் சாமையை மறந்து வெகு காலமாகிறது.

வேறொரு காரணத்தையும் பாட்டி வாயால் சொல்லாமல் செய்து காட்டினாள். உள்ளே போய் ஒரு படி சாமையைக் கொண்டுவந்து உரலில் கொட்டி, உலக்கையை எங்கள் பிள்ளைகளிடம் கொடுத்தாள். கேழ்வரகுக்கு உமி நீக்கும் தொல்லை இல்லை. அப்படியே திரித்து மாவாக்கலாம். சாமையும் தினையும் அப்படியல்ல. குத்தி, புடைத்து, மறுபடியும் குத்தினால்தான் உமி போய் அரிசி வரும். பந்தாட்டத்தில் சூரர்களான எங்கள் பிள்ளைகள் முறைபோட்டுக் குத்தினார்கள். கால் மணி நேரத்தில் உள்ளங்கை சிவந்துவிட்டது. முறத்தில் புடைத்துப் பார்த்தபோது பாதிக்குமேல் உமியோடுதான் இருந்தது. பாட்டி சிரித்தாள். "வயக்காட்டு வேலையெல்லாம் முடிச்சுட்டு வந்து நாங்க இதைக் குத்தணும், கண்ணு!" என்றாள்.

தானியம் அழிவதற்கு நாகரிக மோகத்தைக் குறை சொல்லிப் பிரசங்கம் செய்வது சுலபம். ஆனால் அந்த உரலின் முன்னால் நின்றபோது விஷயம் வேறாகத் தெரிந்தது. பெண்களின் தோள் வலியை நீக்காமல் சாமையைக் காப்பாற்ற முடியாது. இதை உணர்ந்தே, எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இம்மலையில் வேலை செய்து, கிராமங்களில் விதை வங்கிகளை ஏற்படுத்தியதோடு உமி நீக்கும் யந்திரங்களையும் கொண்டுவந்தது. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிற்று. யந்திரம் உமியை நீக்கும். சபை புகழைப் பரப்பும். விளைந்ததை வாங்கிச் சமைத்து உண்பது மட்டும் நம்மைப் போன்ற வீட்டுக்காரர்களின் பொறுப்பு.

புறப்படும்போது, வீட்டு உத்தரத்தில் கட்டியிருந்த ஒரு சிறு மூட்டையைப் பாட்டி காட்டினாள். அடுத்த ஆனி மாதத்துக்கு வைத்த விதைச் சாமை அது. "எத்தனை பசி வந்தாலும் இதிலே கை வைக்கக் கூடாது. என் மாமியார் கொடுத்தது, அவங்களுக்கு அவங்க மாமியார் கொடுத்தது" என்றாள். ஆற்று மீனுக்கு ஒரு ஐதீகம் காவலாக இருக்கிறது. இந்த விதைக்கு ஒரு கிழவியின் சொல்லே காவல். அவளுக்குப் பிறகு மூட்டையை வாங்கிக்கொள்ள ஒரு மருமகள் முன்வர வேண்டுமென்றால், சாமை வயிற்றுக்கு மட்டுமின்றிப் பேரன் படிப்புக்கும் ஆக வேண்டும்.

கொல்லிமலைக்குப் போக நினைக்கும் நேயர்களுக்குச் சில வார்த்தைகள். மழை ஓய்ந்த பிறகு போங்கள். வெள்ளம் பெருகும்போது அருவியில் இறங்க வேண்டாம். வழுக்காத செருப்பும், ஒரு கம்பளியும், தண்ணீருக்குச் சொந்தப் பாத்திரமும் கொண்டுபோங்கள். படிகளின் ஓரத்தில் கிடக்கும் பிளாஸ்டிக் குப்பிகளும் சோப்பு உறைகளும் மலைமக்கள் போட்டவை அல்ல. எங்கள் பிள்ளைகள் ஏறி வரும்போது இரண்டு சாக்கு நிறையப் பொறுக்கினார்கள், அப்படியும் தீரவில்லை. ஒரு நாளையாவது நடப்பதற்கென்று ஒதுக்குங்கள். திரும்பும்போது பலாவும் மலைவாழையும் வாங்குகிற கூடையில் சாமை அரிசிக்கும் கொஞ்சம் இடம் வையுங்கள்.

நாங்கள் செம்மேட்டில் ஒரு கடையில் சாமை அரிசி கேட்டோம். கைவசம் இரண்டு கிலோதான் இருந்தது. எட்டுப் பேருக்குப் போதாதே என்று சொன்னபோது, கடைக்காரர் தராசைத் துடைத்துக்கொண்டே, "கேட்கிறவங்க வந்தா வரவழைச்சு வைக்க மாட்டேனா, வாத்தியாரய்யா? மலையிலே இன்னும் விளையுது, கேட்கத்தான் ஆள் இல்லே" என்றார்.